படம் ஓட்டியவர், இதழ் உருட்டியவர்: வில்சன் டக்கர்

மில் வயர்மேன்
14 ஜூன் 2025, இரவு 10.20

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருந்து கேக்குறேன். வில்சன் டக்கர்னு அறிபுனை (சயின்ஸ் பிக்ஷன்) எழுதுன ஒரு அமெரிக்க எழுத்தாளர். இருபது நாவலுக்கு மேல போட்டும் ஓய்வு பெறுற வரைக்கும் தியேட்டர்ல படம் ஓட்டித்தான் சாப்பிட்டாராம். அப்படின்னா எழுத்துல அவர் தோத்துட்டாருன்னுதானே அர்த்தம்? செம்பனை மில்லுல ஷிப்ட் பாக்குற ஆளு அறிபுனை எழுத உக்காந்தா வெட்டி வேலைங்குறாங்க. நாங்க 12 பேர் சேர்ந்து ஒரு இதழ் போடலாம்னு இருக்கோம். பழைய சங்க ஆபீஸ்ல நகல் உருட்டுற கெஸ்டட்னர் மெஷின் ஒன்னு சும்மா கிடக்கு. வேலைய விட்டாத்தான் எழுத்து வருமா?

பழைய தாள்
14 ஜூன், இரவு 11.45

தோற்கவில்லை தம்பி. கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள்.

டக்கர் 1914 நவம்பர் 23-இல் இல்லினாய் மாநிலத்தில் டியர் கிரீக் என்ற சிற்றூரில் பிறந்தார். வாழ்க்கையின் பெரும்பகுதி அதே மாநிலத்தில், புளூமிங்டன், நார்மல் என்று ஒட்டிக்கிடக்கும் இரட்டை ஊரில். சுற்றிலும் சோளக்காடு. நமக்குச் செம்பனை மாதிரி அவர்களுக்குச் சோளம். நியூயார்க்கும் இல்லை, ஆய்வுக்கூடமும் இல்லை. அங்குள்ள திரையரங்குகளில் படம் ஓட்டுவதும் மின்சார வேலை பார்ப்பதும்தான் தொழில். 1972-இல் ஓய்வு. 2006 அக்டோபர் 6-இல், 91 வயதில் இறந்தார்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் அறிபுனை இரசிகர். 1932-இல், 17 வயதில், 'தி பிளானெட்டாய்டு' என்று சொந்தமாக ஒரு சிற்றிதழ். 1938 முதல் 'லெ ஸோம்பி'. முதல் கதை விலைபோனது 1941-இல், பிரெடரிக் போல் ஆசிரியராக இருந்த இதழில். முதல் நாவல் 1946. முதல் இரசிக இதழுக்கும் முதல் நாவலுக்கும் நடுவே 14 வருடம். அந்த 14 வருடமும் வீணாகப் போகவில்லை, பயிற்சியே அதுதான். மற்றவர்கள் எழுத்தை வெட்டி, திருத்தி, தானே தட்டச்சு செய்து, தானே உருட்டி, தானே தபால்தலை ஒட்டி அனுப்பியவருக்கு வாசகன் எந்த வரியில் கொட்டாவி விடுவான் என்று தெரியும்.

1970-இல் 'தி இயர் ஆஃப் தி குவையட் சன்' நாவலுக்கு அறிபுனைக்கான ஹியூகோ விருதும் வாங்கினார்.

தாப்பா ரோடு
15 ஜூன், காலை 7.05

கடைசி வரி தப்பு. அந்த நாவல் 1970-இல் வந்தது. ஹியூகோவுக்கும் நெபுலாவுக்கும் இறுதிப் பட்டியல் வரை போனது, இரண்டும் கிடைக்கவில்லை. அதற்குக் கிடைத்தது ஜான் டபிள்யூ. கேம்பல் நினைவு விருது. அதுவும் 1976-இல், பின்னோக்கிப் பார்த்துக் கொடுத்தது. 1970-இல் டக்கர் வாங்கிய ஹியூகோ சிறந்த இரசிக எழுத்தாளருக்கானது.

பழைய தாள்
15 ஜூன், காலை 8.30

சரி. இரண்டு விருதையும் ஒன்றாக முடிந்துவிட்டேன். மேலே எழுதியதை அழிக்காமல் விடுகிறேன், திருத்தத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

இந்தத் திருத்தம் என் பக்கத்தைத்தான் பலப்படுத்துகிறது. 1946-லிருந்து நாவல் விற்றுக்கொண்டிருந்த ஒருவர் 1970-இல் இரசிக எழுத்துக்கு விருது வாங்குகிறார். பெரிய பதிப்பகம் கிடைத்ததும் சிற்றிதழைக் கைகழுவவில்லை. அறிபுனை உலக மாநாட்டில் அவரை இரசிகர் சார்பில் சிறப்பு விருந்தினராக இரண்டு முறை அழைத்தார்கள்: 1948 டொரான்டோ, 1967 நியூயார்க். 1996-இல் அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் சங்கம் மூத்த எழுத்தாளர் என்று கௌரவித்தது. 2003-இல் அறிபுனைப் புகழ்மன்றம். இது தோற்றவர் பட்டியல் இல்லை.

டொரான்டோ மாநாடு 1948 ஜூலை 3 முதல் 5 வரை. அமெரிக்காவுக்கு வெளியே நடந்த முதல் உலக மாநாடு. அதற்கு மூன்று வாரத்துக்கும் குறைவான நாளுக்கு முன்னால், ஜூன் 16-இல், உங்கள் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால்.

மில் வயர்மேன்
15 ஜூன், மதியம் 1.10

சரிண்ணே. ஆனா படம் ஓட்டுறது லேசான வேலைதானே? சுவிட்சப் போட்டா ரெண்டரை மணி நேரம் சும்மா. எங்க ஷிப்ட் அப்படி இல்ல. பாய்லர் பக்கம் நின்னா மண்டை காயும்.

பழைய தாள்
15 ஜூன், இரவு 9.40

அந்தக் காலத்து அறையைப் பற்றிச் சொல்கிறேன், பிறகு லேசா கனமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

35 மில்லிமீட்டர் படம் நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்). ஓர் அடிக்கு 16 சட்டம். ஆக நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 1000 அடிச் சுருள் 11 நிமிடம், 2000 அடிச் சுருள் 22 நிமிடம். அதனால் அறையில் இரண்டு மெஷின் இருக்கும். ஒன்று ஓடும்போது மற்றதில் அடுத்த சுருளைக் கோத்து வைக்க வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். சுருள் முடிய ஏறத்தாழ 8 நொடி. உடனே இரண்டாவது மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். அடுத்த புள்ளி வந்தால் 1 நொடி. அதற்குள் மாற்றிவிட வேண்டும். முதல் புள்ளியைத் தவறவிட்டால் மோட்டார் வேகம் பிடிப்பதற்குள் ஒலி இழுத்துக்கொண்டு கிளம்பும். இரண்டாவதைத் தவறவிட்டால் திரை வெள்ளையாகும், கூட்டம் விசிலடிக்கும்.

விளக்கு பல்பு இல்லை. இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரியும் மின்வில். நேர்மின்சாரம் வேண்டும், அதனால் மாற்று மின்சாரத்தை நேராக்க ஒரு கருவி. குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளி கூடும். சரியாக நகர்த்தாவிட்டால் வெளிச்சம் மஞ்சளாகும், பிறகு அணையும். படம் ஓட்டுபவர் வயர்மேனாகவும் இருக்க வேண்டியது இதனால்தான். அதற்கு மேல் நைட்ரேட் ஃபிலிம். பற்றினால் தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது, எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. கோடாக் அதன் உற்பத்தியை 1951-இல்தான் நிறுத்தியது. அறையின் சன்னல்களில் இரும்புக் கதவு, சூட்டில் உருகும் ஒரு கண்ணி அதைத் தாங்கும். தீ வந்தால் கண்ணி உருகிக் கதவு தானே விழுந்து அடைத்துக்கொள்ளும். கூட்டத்தைக் காப்பாற்ற.

தோட்டத்தில் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய 16 மில்லிமீட்டர் படத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நிமிடத்துக்கு 36 அடி, 1600 அடிச் சுருள் 44 நிமிடம். ஒரே மெஷின், சுருள் மாற்ற நிறுத்துவார்கள், அதற்குள் கச்சான் விற்றுவிடும்.

இந்தத் தொழிலில் எழுத்துக்கு உதவிய ஒன்று உண்டு: வேலை மாலையிலும் இரவிலும். பகல் சொந்தம். உங்களுக்கும் இரவு ஷிப்ட் வாரம் என்று ஒன்று வருகிறது. நாளுக்கு 300 சொல். வருடத்தில் 200 நாள் எழுதினால் 60,000. டக்கர் காலத்து நாவலின் நீளம் ஏறத்தாழ அவ்வளவுதான். தமிழில் வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிவிடுவதால் அதே கதை 45,000 சொல்லில் முடியும்.

தாப்பா ரோடு
15 ஜூன், இரவு 10.15

வேலையை விடாமல் எழுதியவருக்கு அமெரிக்கா வரை போவானேன்? சுஜாதா பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்கு உண்டு. கதையும் நின்றதில்லை.

பழைய தாள்
17 ஜூன், இரவு 8.00

தாப்பா சொன்னது சரி. இன்னும் பக்கத்தில் ஒருவரைச் சொல்கிறேன். தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா மலாயாவில், ஈப்போவில் கிராணி வேலை பார்த்தவர். உங்கள் ஊரிலிருந்து அரை மணி. அவருடைய பெரிய யோசனை நகரா விசை: விசிறியோ (கி, கீ-யில் மேலே வரும் வளைவு) புள்ளியோ அடித்தால் வண்டி நகராது, அடுத்த எழுத்து அதே இடத்தில் விழுந்து ஒன்றாகச் சேரும். நூற்றுக்கணக்கான எழுத்துக்கு நூற்றுக்கணக்கான விசை வேண்டாம் என்று ஆனது அதனால். இதழ் போடும்போது இந்த நகரா விசை உங்களுக்குத் தொல்லை கொடுக்கும், அதையும் எழுதுகிறேன்.

மில் வயர்மேன்
17 ஜூன், இரவு 8.25

அண்ணே, 'ஸ்பேஸ் ஓபரா'ங்குற பேர டக்கர்தான் வச்சாரா? பெரிய சினிமாக்காரங்களே அத பெருமையா சொல்லிக்கிறாங்களே.

பழைய தாள்
17 ஜூன், இரவு 8.40

அவர்தான். 1941, 'லெ ஸோம்பி'யில். பெருமைக்காக வைத்த பேர் இல்லை. வானொலியில் சோப்புக் கம்பெனிகள் பணம் கட்டி நடத்திய அழுகைத் தொடருக்கு 'சோப் ஓபரா' என்றும், குதிரை ஓட்டும் கௌபாய்ப் படத்துக்கு 'ஹார்ஸ் ஓபரா' என்றும் ஏற்கெனவே பேர் இருந்தது. அரைத்த மாவையே அரைக்கும் விண்கலக் கதைக்கும் ஒரு பேர் வேண்டும் என்று இதைச் சொன்னார். வசவாகப் பிறந்து வாழ்த்தாக மாறிய சொல். அவர் எந்தப் பத்திரிகையின் சம்பளத்திலும் இல்லை, அதனால் யாருக்கும் அஞ்சாமல் சொன்னார். சொந்தச் செலவில் உருட்டிய இதழில் ஒரு வரி எழுதி உலகம் முழுக்கச் சொல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். சிற்றிதழை வெட்டி வேலை என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

பழைய தாள்
18 ஜூன், காலை 6.50

ஊக்கு விஷயத்தை விட்டுவிட்டேன். உங்கள் இதழுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது.

1930-களின் நடுவில் டக்கர் ஒரு சங்கம் தொடங்கினார்: அறிபுனை இதழ்களில் கம்பி ஊக்கு அடிப்பதைத் தடுக்கும் சங்கம். தலைமைப் பதவியை அவரே எடுத்துக்கொண்டார். விளையாட்டுத்தான், ஆனால் வெகு கருத்தாக நடத்தப்பட்ட விளையாட்டு. உடனே நியூயார்க்கில் டொனால்டு வோல்ஹைம் என்ற சக இரசிகர் உலோக ஊக்கை ஆதரித்து ஒரு முழ நீளப் பெயரில் எதிர்ச்சங்கம் தொடங்கினார். இரண்டு பக்கமும் அறிக்கை விட்டுக்கொண்டார்கள். ஒரு கட்டத்தில் டக்கர் இறந்துவிட்டதாகவே பத்திரிகைக்குக் கடிதம் போய், நம்பியவர்கள் வருந்தினார்கள். ஆசிரியர் கோபமானார். உயிரோடிருக்கும்போதே அவரைப் பற்றி அப்படிச் செய்தி கிளம்பியது ஒரு முறையோடு நிற்கவில்லை. அந்த விளையாட்டு எனக்கு உடன்பாடில்லை. சாவை வைத்து விளையாடினால் உண்மைச் செய்தி வரும் நாளில் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆனால் ஊக்கைப் பற்றி அவர் பக்கம்தான் நான். நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் இருக்கும். சாதாரண ஊக்கின் மேல் துத்தநாகப் பூச்சு மெலிது. வளைக்கிற இடத்தில் அது வெடிக்கும், அங்கேதான் துரு தொடங்கும். தாளில் பழுப்பு வட்டம் பரவி அந்த இடமே பொடியும், நடுத்தாள் முதலில் கழன்று வரும். துருப்பிடிக்காத எஃகு ஊக்கு கிடைத்தால் சரி. இல்லாவிட்டால் நூல்.

நடுவில் மடித்த இதழுக்கு மூன்று துளைத் தையல் போதும். மடிப்பின் நடுவில் ஒன்று, மேலும் கீழும் விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஒவ்வொன்று. கோணியூசியால் முதலிலேயே துளை போட்டுவிட வேண்டும், தையலூசியால் குத்தினால் தாள் நழுவும். பருத்தி நூலை மெழுகுவத்தியில் இரண்டு முறை இழுத்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே, மேல் துளை வழியே உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த் துளை வழியே வெளியே, மறுபடி நடுத்துளை வழியே உள்ளே. இரண்டு முனையும் நீள நூலின் இரு பக்கமாக வரும்படி வைத்து முடிச்சு. ஒரே பக்கமாக வந்தால் முடிச்சு எதையும் பிடிக்காது, தையல் தளரும். நூலைத் தாளுக்கு இணையாக இழுத்து இறுக்குங்கள். மேல்நோக்கி இழுத்தால் துளை கிழியும்.

மில் வயர்மேன்
20 ஜூன், இரவு 11.30

மெஷின நேத்துதான் திறந்து பாத்தோம். கைப்பிடி சுத்துது. மை போற திரை கறுப்பா இறுகிக் கிடக்கு. எழுத்து வெட்டுற மெழுகுத்தாள், அதான் ஸ்டென்சில், ஒரு பெட்டி இருக்கு, ஆனா மேல ரோனியோன்னு போட்டிருக்கு. 24 பக்கம், 60 பிரதி போடணும்னு திட்டம்.

பழைய தாள்
21 ஜூன், காலை 10.15

திரை பட்டு. இரண்டு உருளையைச் சுற்றி ஓடும். பழைய எண்ணெய் மை என்றால் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். அரை மணி விட்டு மறுபடி ஒற்றுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணி கண்ணியாகத் தெரிய வேண்டும். தெரியாத இடமெல்லாம் அச்சில் வெள்ளையாக விழும். தாள் இழுக்கும் ரப்பர் உருளைக்கு மண்ணெண்ணெய் ஆகாது, ரப்பர் உப்பிவிடும். அதற்கு ஸ்பிரிட்டில் நனைத்த துணி. ரப்பர் பளபளவென்று இறுகியிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் லேசாக ஒரு சுற்று.

ஸ்டென்சிலின் தலையில் இருக்கும் துளைகள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ரோனியோ ஸ்டென்சில் கெஸ்டட்னரின் கொக்கியில் உட்காராது. சரியான இடத்தில் துளை போட்டுக்கொள்ளலாம், ஆனால் அதற்கு முன் ஸ்டென்சில் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மூலையை மெதுவாக மடித்தால் மெழுகுப் பூச்சு நொறுங்கக் கூடாது. நொறுங்கினால் பெட்டியோடு தள்ளி வையுங்கள்.

தட்டச்சு செய்யும்போது ரிப்பனை விலக்கிவிட வேண்டும். எழுத்தச்சு நேராக மெழுகில் விழ வேண்டும். எழுத்தச்சைப் பல் துலக்கும் பிரஷால் சுத்தம் செய்து, நான்கு பக்கத்துக்கு ஒரு முறை மறுபடி செய்யுங்கள், மெழுகு அடைக்கும். மூன்று சுழி ண-வை ஓங்கி அடித்தால் சுழிக்குள் இருக்கும் மெழுகு பெயர்ந்து விழும், அச்சில் ண கறுப்புத் திட்டாகிவிடும். புள்ளி ஊசிக்குத்தாகி மை கசியும். முன்பு சொன்ன நகரா விசை இங்கேதான் வம்பு: விசிறியும் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று படும் இடத்தில் மெழுகு இரண்டு அடி வாங்குகிறது. அந்த விசைகளை மட்டும் மெதுவாகத் தட்டிப் பழகுங்கள். பிழை விழுந்தால் திருத்து திரவத்தை மெல்லிசாக ஒரு கோட்டிங் பூசி, முழுதும் காயவிட்டு, மேலே லேசாக அடிக்க வேண்டும். தடித்துப் பூசினால் எழுத்து வெட்டாது.

தாளை மடிக்காமல் போட்டால் கணக்கு: 24 பக்கம், 24 ஸ்டென்சில், கிழிவதற்கு 4. இருபக்கமும் அச்சிட்டால் பிரதிக்கு 12 தாள், 60-க்கு 720. பத்தில் ஒன்று வீணாகும், ஆக 792. இரண்டு ரீம் வாங்குங்கள்.

தாள்தான் ஆளைக் கவிழ்க்கும். போட்டோகாப்பித் தாள் வழவழப்பு. மை உறிஞ்சாமல் மேலேயே நிற்கும், அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். கொஞ்சம் சொரசொரப்பான தாள் வேண்டும். கிடைக்காவிட்டால் ஒவ்வொரு தாளுக்கு நடுவிலும் பழைய செய்தித்தாள் துண்டு ஒன்றை இடுங்கள். இதற்கு ஒரு ஆள் தனியாக வேண்டும். ரீமை மழை நாளில் பிரித்துப் போடாதீர்கள். ஓரம் நெளிந்து இரண்டிரண்டாக உள்ளே போகும். முதல் பக்கத்தை ஓர் இரவு காயவிட்டுத்தான் மறுபக்கம்.

தாப்பா ரோடு
21 ஜூன், மாலை 4.40

இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் பள்ளிக்கூடங்களில் ரிசோ மெஷின் இருக்கிறது, பரீட்சைத் தாள் அடிப்பதற்கு. அதுவும் ஸ்டென்சில் தத்துவம்தான், வெட்டுவது சூடான தலை. கணினியில் தட்டச்சு செய்து கொடுத்தால் போதும். 20 பிரதிக்குக் கீழே என்றால் போட்டோகாப்பி மலிவு, 60-க்கு ரிசோ மலிவு. இன்னொரு வழி ஜெலட்டின் தட்டு. அளவு யாருக்காவது தெரியுமா?

பழைய தாள்
21 ஜூன், இரவு 9.00

ரிசோ நல்ல யோசனை. திரை சுத்தமாகாவிட்டால் அதையே செய்யுங்கள். தலைமையாசிரியரைப் பள்ளி விடுமுறைக்கு முன் பாருங்கள், தாள் உங்களுடையது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஜெலட்டின் தட்டு: ஜெலட்டின் 30 கிராம், கிளிசரின் 195 மில்லி. ஜெலட்டினைக் குளிர்ந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, மிஞ்சிய தண்ணீரை வடித்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிளிசரினில் கரைத்து, தண்ணீர் ஆவியாகும் வரை சூட்டிலேயே வைக்க வேண்டும். கொதித்தால் நுரை வரும், நுரை இருந்த இடத்தில் எழுத்து விழாது. கேக் தட்டில் ஊற்றி, மேலே வரும் குமிழை அட்டை விளிம்பால் ஓரத்துக்கு இழுத்துவிடுங்கள். ஊதா நகல் மையில் எழுதிய மூலத்தாளை முகம் கீழாக இரண்டு மூன்று நிமிடம் வைத்து உரித்தால் மை ஜெலட்டினுக்குப் போய்விடும். பிறகு வெற்றுத் தாளை வைத்துத் தடவி எடுக்க எடுக்க நகல். 50 வரை படிக்கலாம், ஒவ்வொன்றும் முந்தியதைவிட மங்கல். ஒரு நாள் விட்டால் மை அடியில் இறங்கிவிடும், தட்டு மறுபடி ஆகும்.

அந்தக் கால இரசிக இதழ்களில் பல ஊதா நிறத்தில் இருப்பது இதனால். நம் ஊரில் மதியச் சூட்டில் தட்டு இளகித் தாளோடு பிய்ந்து வரும். காலை 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஜெலட்டின் மாடு, பன்றி ஆகியவற்றின் எலும்பிலிருந்தோ தோலிலிருந்தோ வருவது. 12 பேரில் சைவம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பழைய தாள்
22 ஜூன், காலை 7.30

நேற்று எழுதியதில் ஒரு பிழை. 195 என்பது கிராம், மில்லி இல்லை. கிளிசரின் தண்ணீரைவிடக் கனம், மில்லிக்கு 1.26 கிராம். ஆக 155 மில்லிதான் ஊற்ற வேண்டும். 195 மில்லி ஊற்றினால் காலையிலேயே கூழாகிவிடும்.

மில் வயர்மேன்
25 ஜூன், இரவு 10.50

திரை பாதி தெளிஞ்சிருக்கு. இப்ப கதைப் பிரச்சினை. 12 பேரும் நியூயார்க்க அழிக்குற கதையே எழுதிட்டு வந்திருக்காங்க. நான் எழுதுனதும் அப்படித்தான்.

பழைய தாள்
25 ஜூன், இரவு 11.55

இதற்காகத்தான் டக்கரைப் படிக்கச் சொல்கிறேன். விருதுகளைவிட இது முக்கியம்.

1856 மே 29-இல் லிங்கன் புளூமிங்டனில் ஒரு பேச்சு பேசினார். கேட்டவர்கள் மெய்மறந்து போனதால் நிருபர்கள் குறிப்பெடுக்கவே மறந்தார்கள் என்பார்கள். அந்தப் பேச்சின் எழுத்துவடிவம் கிடைக்கவில்லை. 'தொலைந்த பேச்சு' என்றே பேர். டக்கர் வாழ்ந்த ஊர். 1958-இல் 'தி லிங்கன் ஹன்டர்ஸ்' எழுதினார்: எதிர்காலத்திலிருந்து ஒரு குழு அந்தப் பேச்சை ஒலிப்பதிவு செய்ய வருகிறது. ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு முறை இருக்க முடியாது என்று ஒரு விதி வைத்தார். முன்னோட்டமாக ஒரு முறை வந்துபோன நேரம் நெருங்க நெருங்க அந்த ஆள் கிளம்பியாக வேண்டும். கதையின் பதற்றம் முழுக்க அந்த ஒரு விதியில் நிற்கிறது. பெரிய மெஷின் இல்லை, வெடிப்பு இல்லை.

1929 கடைசியில் பெரியார் மலாயாவுக்கு வந்து ஊர் ஊராகப் பேசினார். தோட்டத்துச் சங்கக் கூட்டங்களில் பேசப்பட்டதில் எவ்வளவு பதிவில் இருக்கிறது? அந்தப் பேச்சில் ஒன்றைப் பதிவு செய்ய ஒருத்தி வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில் இறங்குவாள், கையில் என்ன காசு வைத்திருப்பாள், கங்காணி கேட்டால் எந்தத் தோட்டம் என்பாள்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தேடினாலே பத்துப் பக்கம் வரும்.

இரண்டாவது, 1952-இல் வந்த 'தி லாங் லவுட் சைலன்ஸ்'. குண்டும் நோயும் விழுந்த கிழக்கு அமெரிக்காவை அப்படியே கைவிட்டு, மிசிசிப்பி ஆற்றங்கரையில் படை நின்று யாரையும் கடக்கவிடாமல் தடுக்கிறது. கதை தடுக்கப்பட்ட பக்கத்தில் நடக்கிறது. அதன் முடிவு கடுமையானது என்று பதிப்பகம் மாற்றச் சொன்னது, அச்சில் வந்தது மென்மையாக்கிய முடிவு.

இப்போது ஜூன் 16-க்கு வருகிறேன். 1950-இல் பிரிக்ஸ் திட்டம்: காட்டிலிருந்த கெரில்லாக்களுக்குச் சோறு போகாமல் தடுக்க மக்களை வேலிக்குள் குடியேற்றிய பிரிட்டிஷ் ஏற்பாடு. முள்வேலி, வாசலில் சோதனை, வெளியே போகும்போது சோற்றுப் பொட்டலத்தையும் பிரித்துப் பார்ப்பது. புதுக்கிராமங்களோடு தோட்டத்து லயங்களும் ஒரே இடத்துக்குக் கூட்டப்பட்டு வேலி போடப்பட்டன. அமெரிக்கன் கற்பனையில் கண்ட வேலியை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். வேலிக்கு எந்தப் பக்கம் நின்று எழுதுவது என்று டக்கர் காட்டுகிறார். நியூயார்க்கை நியூயார்க்காரன் அழித்துக்கொள்வான்.

தாப்பா ரோடு
26 ஜூன், காலை 6.40

பேர் வைக்கிற விஷயத்தையும் சொல்லிவிடுங்கள். நண்பர்கள் பேரைக் கதாபாத்திரத்துக்கு வைப்பதற்கே 'டக்கரைசேஷன்' என்றுதானே பேர்?

பழைய தாள்
26 ஜூன், இரவு 9.20

ஆமாம். 1946-இல் வந்த முதல் நாவல் 'தி சைனீஸ் டால்' தொடங்கிச் சக இரசிகர்களின் பேரைப் பாத்திரங்களுக்கு வைத்தார். பெரிய நகரத்தில் அது நண்பர்களுக்கு மட்டும் புரியும் சிரிப்பு. எஸ்டேட் டவுனில் கவனம் வேண்டும். பேரை எடுத்தால் தொழிலையும் வீட்டையும் மாற்றுங்கள். கேட்காமல் எடுக்காதீர்கள். வில்லனுக்கு உயிரோடிருப்பவர் பேர் வேண்டவே வேண்டாம். கோயில் திருவிழாவில் முகம் பார்க்க வேண்டியிருக்கும்.

மில் வயர்மேன்
2 ஜூலை, இரவு 10.05

ரெண்டு பக்கம் உருட்டிப் பாத்தோம். ண எல்லாம் சுழியோட நிக்குது. முதல் பத்துத் தாள் மங்கல், அப்புறம் நல்லா வந்துச்சு. வெளியாளுக்கு விக்கலாமா?

பழைய தாள்
2 ஜூலை, இரவு 11.00

முதல் பத்து எப்போதும் மங்கல்தான், மை திரை முழுக்கப் பரவ அவ்வளவு சுற்று ஆகும். அதற்கு வீணான தாளையே போடுங்கள்.

தொடர்ந்து வரும் இதழை வெளியே விற்பதென்றால் 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் இருக்கிறது. உள்துறை அமைச்சில் பெர்மிட் வேண்டுமா என்று முதலில் எழுதிக் கேளுங்கள், பதில் வரும்வரை விற்க வேண்டாம். அதுவரை உறுப்பினர் சுற்று போதும். 1937-இல் வோல்ஹைம் தொடங்கிய இரசிகர் அஞ்சல் சங்கம் அப்படித்தான் நடந்தது: 65 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, ஒவ்வொருவரும் வருடத்துக்குக் குறைந்தது 8 பக்கம் தானே அச்சிட்டுத் தொகுப்பாளருக்கு அனுப்ப வேண்டும், அவர் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி எல்லாருக்கும் அனுப்புவார். எழுதாதவர் பேர் நீங்கிவிடும். 12 பேருக்கு இது இன்னும் சுலபம்.

தாப்பா ரோடு
3 ஜூலை, காலை 7.15

தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டியதை மறந்துவிட்டீர்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சு வெளியீட்டில் 5 பிரதி.

பழைய தாள்
3 ஜூலை, காலை 7.40

மறந்துதான் போனேன். 60-இல் 5 கோலாலம்பூருக்கு, 12 உங்களுக்கு, மீதி 43. அந்த ஐந்தையும் மங்கல் இல்லாத நடுக்கட்டிலிருந்து எடுத்து நூலில் தையுங்கள், ஊக்கு வேண்டாம்.